போனை உடைக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி:

வணக்கம். நான் விசுவமடுப் பக்கம். மகளுக்கு 13 வயது, தரம் 8 படிக்கிறா. மகனுக்கு 9. கணவர் கட்டாரில். நான் கிளிநொச்சியில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறேன். விடிய ஐந்தரைக்கு பஸ் வரும், வீடு வந்து சேர இரவு ஏழு மணியாகிவிடும். பிள்ளைகளை என்ர அம்மாதான் பார்க்கிறா. ரியூசன் பாடங்கள் வட்ஸ்அப் குறூப்பில் வருவதால், கணவர் வாங்கி அனுப்பிய போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். இரவில் அவர் எடுப்பதும் அந்தப் போனுக்குத்தான். மகள் டிக்டொக்கில் கணக்கு வைத்திருக்கிறா என்று போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். பிறந்த ஆண்டை 2004 என்று போட்டிருக்கிறா. பள்ளிக்கூட உடுப்போடு பாட்டுக்கு ஆடுகிற வீடியோக்கள் கிடக்கின்றன. யாரோ ஒரு 'அண்ணா' ஒவ்வொரு நாளும் மெசேஜ் போடுகிறார். சிட்னியில் இருக்கிற என்ர அண்ணாவுக்குச் சொன்னேன். "இங்க பதினாறு வயசுக்குக் கீழ இதெல்லாம் தடை, நீ என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய், போனைத் தூக்கி உடை" என்று ஏசினார். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. மகளோடும் கதைக்கவில்லை. எங்கள் நாட்டிலும் அப்படிச் சட்டம் இருக்கிறதா? எத்தனை வயதில் கொடுக்கலாம்? நான் இப்ப என்ன செய்ய?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

மகளோடு இன்னும் கதைக்கவில்லை என்று குற்ற உணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் ஒரு வார்த்தையும் வெளியே வராமல் இருப்பது இப்போது உங்களுக்கு நல்லதுதான். சட்டத்தைப் பற்றி, வயதைப் பற்றி எல்லாம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 'அண்ணா'வைப் பார்ப்போம்.

அவர் அடுத்த ஊரில் இருக்கும் பதினைந்து வயதுப் பெடியனாகவும் இருக்கலாம், பிள்ளை குட்டி உள்ள ஆளாகவும் இருக்கலாம். கணக்கில் இருக்கிற படமும் பெயரும் எதையும் சொல்லாது. அவர் என்ன கேட்கிறார் என்பதுதான் சொல்லும். படம் கேட்கிறாரா? "அம்மாட்ட சொல்லாதை" என்று எழுதுகிறாரா? வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அம்மா எத்தனை மணிக்கு வருவா என்று விசாரிக்கிறாரா? டிக்டொக்கை விட்டு வட்ஸ்அப்புக்கு வரச் சொல்கிறாரா? இன்னொன்றையும் கவனமாகப் பாருங்கள்: போனுக்குக் காசு, அதுதான் ரீலோட், போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாரா? நூறு ரூபாய் ரீலோட் ஒரு பிள்ளைக்குப் பெரிய அன்பளிப்பாகத் தெரியும். ரீலோட் போட நம்பர் வேண்டும். நம்பர் கையில் வந்தால் வட்ஸ்அப்பில் வரலாம், நேரே கோல் எடுக்கலாம். பிறகு ஒரு நாள், "நான் உனக்கு எவ்வளவு செய்தனான், ஒரு போட்டோ அனுப்ப மாட்டியா" என்ற கேள்வி வரும். பிள்ளைகளை வளைத்துப் பிடிப்பவர்கள் முதல் நாளே மிரட்டுவதில்லை. அன்பாகத்தான் தொடங்குவார்கள்.

இவற்றில் ஏதும் இருந்தால் கணக்கை உடனே அழித்துவிடாதீர்கள். பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டால் பிறகு முறைப்பாட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. அவருடைய கணக்குப் பக்கத்தையும், பெயருக்குக் கீழே இருக்கும் பயனர் பெயரையும், மெசேஜ்களையும் திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்களுக்கு நம்பிக்கையான இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். அதில் மகளின் படம் ஏதும் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அதன் பிறகு அந்தக் கணக்கை டிக்டொக்கிலேயே ரிப்போர்ட் செய்து, புளொக் பண்ணுங்கள். மகள் மாதிரி நடித்து அவருக்குப் பதில் எழுத வேண்டாம். சிட்னி அண்ணாவிடம் பெயரைக் கொடுத்து ஏசச் சொல்லவும் வேண்டாம். ஏச்சு விழுந்தவுடன் அந்த ஆள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார், அல்லது மகளிடமே கோபத்தைக் காட்டுவார்.

இதெல்லாம் மகளுக்குத் தெரியாமல் செய்கிற வேலையல்ல. அதற்கு முன் அவளோடு இருந்து கதைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாவிட்டால் அன்றைக்கே கதையுங்கள். மகன் விளையாடப் போயிருக்கட்டும், அம்மாவிடமும் முன்பே சொல்லி வையுங்கள், இடையில் வந்து "நான் அப்பவே சொன்னனான்" என்று தொடங்காமல். முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு விசாரணை மாதிரி இருக்க வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டே கதைக்கலாம். கை வேலையாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு வாய் திறக்கும்.

உங்களுக்கு வசதியான வார்த்தையில் இப்படித் தொடங்குங்கள்: "நீ டிக்டொக் வைச்சிருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். நான் அடிக்கப் போறதும் இல்லை, போனை உடைக்கப் போறதும் இல்லை. உன்ர ஆட்டத்தைப் பாத்தனான். ஒரு ஆள் மெசேஜ் போடுறார் எல்லோ, அதை ரெண்டு பேரும் சேந்து ஒருக்கா பாப்பம்." இதில் பொய் ஒன்றும் இல்லை, அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். அந்த டிக்டொக் கணக்கு மூடப்படும் என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். போன் வேறு, கணக்கு வேறு. போன் வீட்டில் இருக்கும், வகுப்பு குறூப் இருக்கும், அப்பாவின் கோல் இருக்கும். போகப்போவது கணக்கு மட்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாகப் போகச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வரும் பிள்ளைகளில் ஆபத்தான இடத்துக்குப் போன பிள்ளைகள் பலரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: "வீட்டை சொன்னா போனைப் பறிச்சிருப்பினம்." ஒருவன் ஒரு படத்தை வைத்து மிரட்டுகிறான். பிள்ளைக்கு அவன் மேல் உள்ள பயத்தை விட வீட்டார் மேல் உள்ள பயம் கூடுதலாக இருக்கிறது. அதனால் அவன் கேட்ட இரண்டாவது படத்தையும் அனுப்புகிறாள். உங்கள் வீட்டில் எந்த வயதுக் கட்டுப்பாடு வைத்தாலும் சரி, அது மீறப்பட்ட அன்றைக்கு மகள் உங்களிடம் வந்து சொல்லக்கூடிய கட்டுப்பாடாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

சரி, இப்போது சிட்னி அண்ணா சொன்ன சட்டத்துக்கு வருவோம். அவர் சொன்னது உண்மை. அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் 2024 நவம்பரில் நிறைவேற்றிய சட்டம் 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக், ஸ்னப்சட், எக்ஸ், யூடியூப் போன்ற தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. தாய் தகப்பன் சம்மதம் கொடுத்தாலும் முடியாது. ஆனால் உங்கள் அண்ணா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்தச் சட்டம் எந்தப் பிள்ளைக்கும் தண்டனை கொடுக்கவில்லை, எந்தத் தாய்க்கும் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் கணக்குகளைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்குத்தான் தண்டம், 4 கோடியே 95 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் வரை. எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட் விற்றால் கடைக்காரர்தானே கோட்டுக்குப் போகிறார். இதுவும் அந்த வழிதான். விற்கிறவனைப் பிடிக்கிற சட்டம்.

அந்தச் சட்டத்திலும் வட்ஸ்அப் தடைக்குள் வரவில்லை. ஆட்களோடு மெசேஜில் கதைப்பது ஒன்று, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு வீடியோ போட்டுவிட்டு அவர்கள் போடும் லைக்குக்காகக் காத்திருப்பது வேறொன்று என்று அங்கே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். யூடியூபைக்கூடக் கணக்கு இல்லாமல் திறந்து பார்ப்பதற்குத் தடை இல்லை. ஆகவே போனை உடைப்பது சிட்னிச் சட்டத்திலும் இல்லாத தண்டனை. அண்ணாவின் கோபம் மருமகள் மேல் உள்ள பாசத்தால் வந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் போனில்தான் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு இரவும் தகப்பனின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எங்கள் நாட்டில், நான் இதை எழுதும்வரை, இத்தனை வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் நடைமுறையில் இல்லை. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஒன்லைனில் நடக்கும் துன்புறுத்தலையும் சிறுவர்களுக்கு எதிரான குற்றங்களையும் பற்றிச் சொல்கிறது, கணக்குத் திறக்கும் வயதைச் சொல்லவில்லை. ஆகவே இங்கே நிறுவனங்கள் தாங்களே போட்டுக்கொண்ட எல்லைதான் எல்லை: 13. அந்த 13 வைத்தியர்கள் பிள்ளைகளின் மனதைப் பார்த்துத் தீர்மானித்த வயது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1998இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைத் தாய் தகப்பனின் சம்மதம் இல்லாமல் இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அந்தத் தொல்லை வேண்டாம் என்று நிறுவனங்கள் 13இலிருந்து கதவைத் திறந்துவிட்டன. பிள்ளையின் மனம் எதைத் தாங்கும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

இங்கேதான் மகள் போட்ட 2004 முக்கியமாகிறது. கணக்குத் திறக்கும்போது பிறந்த திகதி கேட்டு ஆண்டுகள் வரிசையாக வரும், விரலால் தள்ளினால் ஓடும். பிள்ளைகள் யோசிக்காமல் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், கூட்டாளிகளும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அதைப் பெரிய பொய் என்று நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த ஒரு தள்ளலில் என்ன போய்விட்டது என்று அவளுக்கு விளக்க வேண்டும். உண்மையான வயதைப் போட்டிருந்தால் டிக்டொக் அவளுடைய கணக்கை ஆரம்பத்திலேயே பிரைவேட்டாக வைத்திருக்கும், ஊர் பேர் தெரியாதவர் பார்க்க முடியாது. 16 வயதுக்குக் குறைந்தவருக்கு அங்கே நேரடி மெசேஜ் வசதியே கிடையாது. இரவு 9 மணிக்குப் பிறகு நோட்டிபிகேஷன் வராது. 18 ஆகும்வரை லைவ் போக முடியாது. 2004 என்று போட்டதால் அவள் அந்த நிறுவனத்தின் கண்ணுக்கு இருபது தாண்டிய பெண். அந்த 'அண்ணா' மெசேஜ் போடக்கூடியதாக இருந்ததே அதனால்தான். இன்ஸ்டகிராமும் 2024 செப்டெம்பரிலிருந்து பதின்ம வயதினருக்கு இப்படியான தனிக் கணக்கு கொண்டுவந்திருக்கிறது, அதுவும் உண்மை வயது போட்டால்தான் வேலை செய்யும்.

இந்தக் கணக்கைத் திருத்தப் பாடுபடுவதை விட மூடிவிடுவது சுகம். டிக்டொக்கில் கணக்கை அழித்தால் 30 நாள் உறங்கு நிலையில் கிடக்கும், அதற்குள் யாராவது திரும்ப உள்ளே போனால் உயிர் வந்துவிடும். ஆகவே அந்த மாதத்தில் கண் வைத்திருங்கள். மூடுவதற்கு முன் வீடியோக்களை ஒருமுறை இருவரும் சேர்ந்து பாருங்கள். அந்தப் பள்ளிக்கூட உடுப்பு வீடியோவை எடுத்துக்கொண்டு, "உன்னைத் தெரியாத ஒராள் இதைப் பாத்தா என்ன கண்டுபிடிப்பார்?" என்று அவளிடமே கேளுங்கள். வெள்ளைச் சட்டையில் குத்தியிருக்கும் பட்ச், ரையின் நிறம், இரண்டும் எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்லிவிடும். பின்னால் தெரியும் கோயில் மதிலும் கிறவல் ஒழுங்கையும் ஊரைச் சொல்லும். வெயில் விழுகிற பக்கத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் தெரியும். அவளே விரலை வைத்துக் காட்டட்டும். நீங்கள் ஒரு மணித்தியாலம் புத்தி சொல்வதை விட அது அவளுக்கு வடிவாக விளங்கும்.

எத்தனை வயதில் கொடுக்கலாம் என்று கேட்டீர்கள். ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பதில் சொல்வதில்லை. அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2023இல் வெளியிட்ட அறிவுறுத்தலில், ஒரு நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் அபாயம் இரண்டு மடங்கு என்று இருக்கிறது. ஆனால் போன்தான் சோர்வைத் தந்ததா, சோர்ந்த பிள்ளைதான் போனுக்குள் போனதா என்பது அதில் முழுதாகத் தீரவில்லை. பிரித்தானியப் பிள்ளைகளை வைத்து 2022இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தது. பெண் பிள்ளைகள் 11 முதல் 13 வயதிலும், ஆண் பிள்ளைகள் 14, 15 வயதிலும் சமூக ஊடகத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருக்கிறார்கள் என்று கண்டார்கள். உங்கள் மகள் இப்போது நிற்பது சரியாக அந்த வயதில். மகனுக்கு அது இனித்தான் வரப்போகிறது.

என் கருத்தைக் கேட்டால், டிக்டொக், இன்ஸ்டகிராம் மாதிரி ஊருக்கே திறந்த தளங்களில் சொந்தக் கணக்கு 16 வரை வேண்டாம். சட்டம் இல்லாத நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வது தாய்மாருக்கு எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். அவுஸ்திரேலியாவில் நிறுவனத்தின் தலையில் ஏற்றிய சுமையை இங்கே கார்மென்ட்ஸில் பதினொரு மணித்தியாலம் நின்றுவிட்டு வரும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றுவது நியாயமே இல்லை. எங்கள் நாட்டிலும் நிறுவனங்களைப் பொறுப்புக் கூற வைக்கும் சட்டம் வேண்டும். இது என் உறுதியான எண்ணம். வரும்வரை என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி.

"வகுப்பில எல்லாரும் வைச்சிருக்கினம்" என்று மகள் சொல்லுவாள், அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அவுஸ்திரேலியச் சட்டத்தால் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய ஆறுதல், தான் மட்டும் தனித்துப்போகவில்லை என்பது. அந்த ஆறுதலை ஊருக்குள் சிறிய அளவில் நாங்களும் உண்டாக்கலாம். மகளின் நெருங்கிய கூட்டாளிகள் நான்கைந்து பேரின் தாய்மாரோடு கதையுங்கள். உங்களுக்கு நேரமில்லாவிட்டால் அம்மா கதைக்கட்டும், கோயிலடியில் எல்லோரையும் காண்பது அவதானே. நான்கு வீட்டில் ஒரே கட்டுப்பாடு இருந்தால் பிள்ளைக்கு அது பாதித் துன்பம்தான். மாதர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்திலும் இதை எடுங்கள், ஆனால் உங்கள் மகளின் கதையாக எடுக்க வேண்டாம். பொதுவாக எடுங்கள். வீட்டு வேலை, பாடக் குறிப்பு எல்லாம் போனுக்கு அனுப்பாமல் கொப்பியில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று ரியூசன் ஆசிரியரிடமும் கேட்கலாம். 2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடியபோது வேறு வழியில்லாமல்தான் போன் பிள்ளைகளின் கைக்குப் போனது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

வீட்டில் செய்யக்கூடியது சில. போனின் லொக் நம்பரை மாற்றுங்கள், அது உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். குறூப்பில் பாடம் வந்தால் அம்மா திறந்து கொடுப்பா, மகள் விறாந்தையில் இருந்து பார்த்து எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அம்மாவுக்கு டிக்டொக் எது, வட்ஸ்அப் எது என்று தெரியத் தேவையில்லை. போன் அறைக்குள் போகக்கூடாது என்ற ஒன்றைத்தான் அவ பார்க்க வேண்டும். பிளே ஸ்டோர் செற்றிங்கில் பெற்றோர் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு இரகசிய எண் போட்டுவிட்டால் வயதுக்கு மிஞ்சிய செயலிகளைப் புதிதாக இறக்குவது கஷ்டம். கெட்டிக்காரப் பிள்ளை அதையும் தாண்டும், ஆனாலும் போட்டு வையுங்கள்.

இரவுதான் முக்கியம். அப்பாவின் கோல் முடிந்ததும் போன் உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிட வேண்டும். நீங்கள் என்ன டேட்டா பெக்கேஜ் போடுகிறீர்கள் என்றும் பாருங்கள். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துத் தரும் பெக்கேஜ்களில் இரவுப் பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும். மலிவு என்று நாங்கள் போடுகிறோம், பிள்ளை அதற்காகவே முழித்திருக்கிறது. காலையில் எழும்ப முடியாத பிள்ளை, முதல் பாடத்தில் தூங்கி விழும் பிள்ளை என்று ஆசிரியர்கள் அனுப்பும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். டிக்டொக்குக்கு, யூடியூபுக்கு என்று தனியாக விற்கும் பெக்கேஜையும் நிறுத்திவிடுங்கள். நீங்களும் அந்த நேரத்தில் போனை நோண்டாமல் இருந்தால் நல்லது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பிள்ளைகள் அதைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனதை விட்டுப் போகாத விசயம், மகள் நன்றாக ஆடுகிறாள் என்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நீங்கள் வரும்வரை அவளுக்கு நான்கைந்து மணித்தியாலம் இருக்கிறது. தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விடுவான். பெண் பிள்ளை எங்கே போவாள்? எங்கள் ஊர்களில் அந்த வயதுப் பெண் பிள்ளைகள் பொழுது போக்க நாங்கள் ஓர் இடமும் வைக்கவில்லை. ஆடினால் பார்க்க ஆள் இல்லை. அந்தப் போனுக்குள் பார்க்க ஆட்கள் இருந்தார்கள், அதனால் அங்கே போனாள். கணக்கை மட்டும் மூடிவிட்டு அந்த மாலைநேரத்தை அப்படியே வெறுமையாக விட்டால் அவள் வேறொரு பெயரில், கூட்டாளியின் போனில், திரும்பப் போவாள். பள்ளிக்கூடத்தில் நடன ஆசிரியர் இருக்கிறாரா, வலைப்பந்து அணி இருக்கிறதா, அறநெறி வகுப்பில் நிகழ்ச்சிக்குப் பழக்குகிறார்களா என்று விசாரியுங்கள். அவள் ஆடும் வீடியோவை எடுத்து வட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்புங்கள். அப்பா பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று நான்கு வார்த்தை சொல்லட்டும்.

ஊர்வாய் பற்றியும் ஒரு சொல். டிக்டொக்கில் ஆடிய பிள்ளை என்று யாராவது கதைத்தால், படிப்பை நிறுத்துவோம், கலியாணத்தைப் பேசி வைப்போம் என்று உறவுக்குள் யோசனை சொல்ல ஆட்கள் வருவார்கள். அதற்குச் செவி கொடுக்க வேண்டாம். இந்த நாட்டின் பொதுச் சட்டப்படி திருமண வயது 18. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அந்த ஆள் படம் கேட்டாரா, மகள் ஏதும் அனுப்பினாளா என்று நீங்கள் எழுதவில்லை, ஒருவேளை உங்களுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். அப்படி ஏதும் நடந்திருந்தால், அல்லது மிரட்டல் தொடங்கியிருந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. மிரட்டுகிறவனுக்குக் காசோ இன்னொரு படமோ ஒரு நாளும் அனுப்பக் கூடாது, அனுப்பினால் நிற்காது, கூடும். படம் வெளியே வந்துவிடும் என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தபோது எடுத்த படங்களுக்கானது. படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு இலக்கக் குறி உருவாகி, அந்தக் குறி மட்டும் போய், அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் படம் பரவாமல் தடுக்கும். மகள் சாப்பிடாமல், கதைக்காமல், சாவதைப் பற்றிக் கதைத்தால் நாள் பார்க்க வேண்டாம். மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நேரே கூட்டிக்கொண்டு போங்கள். இது அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள், போய்க் கதைக்கலாம். காசு கட்டத் தேவையில்லை.

மிச்சம் இருப்பது கணவர். அவருக்கு மறைக்க வேண்டாம். மறைத்தால் மகளும் நீங்களும் சேர்ந்து அவருக்கு ஒளித்தது என்று ஆகிவிடும், பிறகு வேறு யாராவது வீடியோவை அவருக்கு அனுப்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். மகளோடு கதைத்து, கணக்கை மூடிய பிறகு சொல்லுங்கள். இரவுக் கோலில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவாக இருந்தால், பிள்ளைகள் படுத்த பிறகு நீங்களே எடுங்கள். எங்களுக்கு ஒன்பதரை என்றால் அங்கே ஏழு மணிதான். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள், இனி வீட்டில் என்ன ஒழுங்கு என்பதை முதலில் சொல்லி முடித்துவிட்டு, மகளோடு கதைக்கும்போது ஏச வேண்டாம் என்று கேளுங்கள். அவர் கோபப்பட்டால் அந்தக் கோபம் உங்களோடு அன்றைக்கே முடியட்டும். சனிக்கிழமை மகளோடு கதைக்கட்டும், பள்ளிக்கூடத்தைப் பற்றி, நடனத்தைப் பற்றி. அவர் ஏதும் கேட்க விரும்பினால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்கும் பதில் எழுதுகிறேன்.